அறியப்படாத கலைஞரின் அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள்

சத்தியம்! எரிகிற விளக்கின் மேல் சத்தியம், எங்கள் அம்மன் மேல் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு எழுத்துப் பொய்யாக இருந்தாலும் என் பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும். ஏற்கெனவே கொட்டித்தானே கிடக்கிறது என்கிறீர்களா? அது வேறொரு கதைக்குச் செய்த சத்தியம். அதைக் கொண்டுவந்து இதில் சேர்க்காதீர்கள்.

ஒத்தப்பனைக்குளத்தில் 'மதுரகானம் சவுண்டு சர்வீஸ்' என்று ஒரு மைக் செட் கடை. முதலாளி கொம்பையா. தாத்தா இசைத்தட்டு போட்டார், அப்பா கேசட் போட்டார், கொம்பையா லேப்டாப் போடுகிறார். மூன்று தலைமுறையாக ஊர் அம்மன் கோவில் கொடைக்கு இவர்கள் மைக் செட்தான். கொடை என்பது எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வருகிற திருவிழா. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வில்லுப்பாட்டு நடக்கும். வில் சத்தம் கேட்டால்தான் அம்மன் சாமியாடியின் மேல் இறங்குவாள். சத்தம் கேட்காவிட்டால் இறங்கமாட்டாள். அவளுக்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா?

கொம்பையாவுக்குக் கீழே மூன்று பேர். மூவருமே சொன்ன சொல் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

முதலாவது ஆள் இசக்கி. குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவன் வேலை. ஒரு கல்யாணத்துக்கு, "எலே, இருக்கிறதுலேயே உசரமான இடமாப் பாத்துக் கட்டு" என்று சொல்லிவிட்டார் கொம்பையா. இசக்கி சுற்றிலும் பார்த்தான். இருக்கிறதிலேயே உயரம், மூன்று மைல் தள்ளி இருந்த மலை. கட்டிவிட்டான். கல்யாண வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் முந்நூறு பேர், "வாருங்கள் வாருங்கள் என்று நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்" என்று வந்து பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுப் போனார்கள்.

இரண்டாவது ஆள் வைகுண்டம். பத்தாம் வகுப்பு இரண்டு தடவை படித்தவன், ஆகவே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு படித்தவன். லேப்டாப் அவன் பொறுப்பு. அதில் வருகிற எழுத்தையெல்லாம் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தான். பழைய கேசட்டுகளை எல்லாம் அதில் ஏற்றச் சொன்னபோது கொம்பையா, "பாட்டை மட்டும் ஏத்து, வேற கண்டதையும் ஏத்தாதே" என்று சொல்லியிருந்தார். அவன் பாட்டை மட்டும் ஏற்றினான். பாட்டின் பெயரோ, பாடியவர் பெயரோ பாட்டு ஆகாதே? அதனால் அவற்றை எழுதவில்லை.

மூன்றாவது ஆள் பூதத்தான். கடைக் காவல். முன்பு ஒருநாள் திறந்து கிடந்த கடைக்குள் ஆடு ஒன்று புகுந்து பன்னிரண்டு கஜம் ஒயரைத் தின்றுவிட்டது. (இன்றைக்கும் அந்த ஆடு மழைக்காலத்தில் லேசாக இரைகிறது என்பார்கள். அதை நான் சத்தியத்தில் சேர்க்கவில்லை.) அன்று கொம்பையா பூதத்தானைக் கூப்பிட்டு, "இனிமே எடத்தைவிட்டு நகரும்போது, பூட்டுறது, தாழ்ப்பாள் போடுறது எது இருந்தாலும் ஒண்ணு விடாமப் போட்டுட்டுத்தான் நகரணும்" என்று கட்டளை போட்டார்.

பூதத்தான் கட்டளையை நெஞ்சில் எழுதிக்கொண்டான். கதவைப் பூட்டினான். அலமாரியைப் பூட்டினான். இசக்கியின் சைக்கிளைப் பூட்டினான். கடைசியில் லேப்டாப்பில் செருகுகிற மெமரி கார்டு ஒன்று மேஜையில் இருந்தது. பாட்டெல்லாம் அதற்குள்தான். தபால்தலை அளவுள்ள அந்தக் கார்டின் விளிம்பில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒன்று மேலும் கீழும் நகர்ந்தது. பூதத்தான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சின்னதாக இருந்தாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தான். நகத்தால் கீழே தள்ளிப் போட்டான்.

அந்தத் தாழ்ப்பாள் விழுந்தால் கார்டில் உள்ளதைக் கேட்கலாம், பார்க்கலாம். ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இது எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அந்த நாலு பேருக்குத் தெரியாது.

இப்போது பூலம்மாளைச் சொல்லவேண்டும். வில்லுப்பாட்டுக்காரி, ஐம்பத்தெட்டு வயது. குரல் எடுத்தால் குளத்துத் தண்ணீரில் அலை எழும்பும். கொடைக்கு எட்டு நாள் முன்னால் பந்தல்கால் நடுகிற அன்று, பாட ஒத்துக்கொள்வதற்கு அடையாளமாக வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளக் கோவிலுக்கு வந்தாள். கொம்பையா அந்த வருஷம் புதுசாகப் பெரிய டி.வி. ஒன்று கொண்டுவந்து வைத்திருந்தார். பாட்டு ஓட ஓட, டி.வி.யின் அடியில் பாடியவர் பெயர் வலமிருந்து இடமாக ஓடும். பூலம்மாளைக் கண்டதும், போன வருஷம் பதிவு செய்த அவள் பாட்டையே மரியாதைக்குப் போடச் சொன்னார்.

"ஏ கொம்பையா, இது என் குரலுல்லா?"

"உங்க குரலேதான் மைனி. எப்படி இருக்கு பாத்தீயளா?"

"கீழ என்னமோ ஓடுதே." பூலம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். "பா...டி...யவர்: அறி...யப்படாத கலை...ஞர். அப்படின்னா?"

வைகுண்டம் பணிவாக விளக்கினான். "தெரியாத ஆளுன்னு அர்த்தம் யக்கா."

"யாருக்குத் தெரியாது?"

"மெஷினுக்கு."

பூலம்மாள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். "நாப்பது வருசமா வில்லு அடிக்கேன். மலையில இருந்து கடல் வரைக்கும் நான் பாடாத கொடை கிடையாது. இந்த ஊர் எருமைக்குக்கூட என்னைத் தெரியும். நேத்து வந்த பொட்டி, என்னைத் தெரியாதுன்னு சபையில எழுதிக் காட்டுதோ? கேட்டுக்கோ கொம்பையா. செவ்வாக்கிழமைக்குள்ள என் பாட்டுக்குக் கீழ ஓடுற பேரும் என் பேரும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா வீசுகோலை நான் தொடமாட்டேன்."

வீசுகோல் என்பது வில்லில் அடிக்கிற சலங்கைக் கோல். அதைத் தொடாவிட்டால் வில் இல்லை, வில் இல்லாவிட்டால் கொடை இல்லை.

கோவில் தர்மகர்த்தா அங்கேயே சொல்லிவிட்டார். "கொம்பையா, உம்ம பொட்டியால கொடை நின்னுதுன்னா, அடுத்த வருசத்துல இருந்து மேலூர்க்காரன் செட்டுதான். மூணு தலைமுறையோட முடிஞ்சுபோச்சு, பாத்துக்கும்."

கொம்பையா லேப்டாப் பக்கம் ஓடினார். "ஒரு பேரு தானே, எழுதிப்போடு" என்றார் வைகுண்டத்திடம்.

வைகுண்டம் எழுதினான். எழுதியதை அழித்துவிட்டு 'அறியப்படாத கலைஞர்' திரும்ப வந்து நின்றது. மறுபடி எழுதினான். மறுபடி வந்தது. எட்டாவது தடவை அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுதினான். அப்போதும் வந்தது.

அன்று சாயங்காலம் நாலு பேரும் கடையில் கூடி யோசித்தார்கள்.

"போன வருசம் போர்டுல 'மதுரகானம்'ங்கிறதுல கால் விட்டுப்போச்சே, அப்ப என்ன செஞ்சோம்?" என்றான் இசக்கி. "மேல காயிதம் ஒட்டினோம். அதே மாதிரி ஒட்டிட்டாப் போச்சு."

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். இவ்வளவு சுலபமா என்று கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு அட்டையில் 'பூலம்மாள்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்கள். மறுநாள் காலை கோவிலில் அவள் பாட்டைப் போட்டு, டி.வி.யில் அந்தப் பெயர் வந்த இடத்தில் அட்டையை ஒட்டினார்கள். ஒட்டி முடிப்பதற்குள் பெயர் நகர்ந்து போய்விட்டது.

"ஓடுது அண்ணாச்சி!"

"நீயும் கூடவே ஓடுலே!"

இசக்கி ஓடினான். அட்டையை இரண்டு கையாலும் பிடித்து, பெயரின் மேல் பொருத்தி, வலமிருந்து இடமாக நண்டு மாதிரி நகர்ந்தான். பெயர் இடது ஓரத்தில் மறைந்து வலது ஓரத்தில் முளைத்ததும் பாய்ந்து அந்தப் பக்கம் போனான். பூலம்மாள் பாட்டு பதினெட்டு நிமிஷம். எட்டாவது நிமிஷத்தில் இசக்கிக்குத் தலை சுற்றியது. பத்தாவது நிமிஷத்தில் பெயர் இடது பக்கம் போக, அவன் வலது பக்கம் போனான். பன்னிரண்டாவது நிமிஷத்தில் அவனையும் அட்டையையும் பந்தல்காலில் சாய்த்து வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த பூலம்மாள், "என் பேரு எங்க? இவன் முதுகுதான் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் கொம்பையா சந்தைக்கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற செல்வினுக்குப் போன் போட்டார். செல்வின் கெட்டிக்காரன். விஷயத்தைக் கேட்டதும் சொன்னான்.

"அண்ணாச்சி, எங்கயோ பூட்டு விழுந்திருக்கு. அதான் எழுத முடியலை. பூட்டைக் கண்டுபிடிச்சுத் திறந்துவிடுங்க, சரியாயிரும். எனக்கு இங்க கூட்டமா இருக்கு, கொடை அன்னைக்கு வாரேன்."

"பூட்டாம்வே!" என்று கொம்பையா போனை வைத்தார். "பூதத்தான், சாவிக்கொத்தை எடு!"

சாவிக்கொத்தில் பதினோரு சாவி. கடைக் கதவைத் திறந்தார்கள். வைகுண்டம் எழுதிப் பார்த்தான், மாறவில்லை. அலமாரியைத் திறந்தார்கள். மாறவில்லை. சைக்கிள், கொம்பையா வீட்டு டிரங்குப் பெட்டி, கிணற்று மோட்டார் அறை என்று ஒவ்வொன்றாகத் திறக்க, ஒவ்வொரு தடவையும் வைகுண்டம் கடையிலிருந்து, "மாறலை!" என்று கத்தினான். கோவில் பூசாரியிடம் போய் உண்டியலைத் திறக்கச் சொன்னார்கள். பூசாரி சூலத்தைக் கையில் எடுத்ததும் திரும்பி வந்துவிட்டார்கள்.

"எலே, ஒரு பூட்டும் பாக்கி இல்லையா?" என்றார் கொம்பையா.

"பூட்டு ஒண்ணும் பாக்கி இல்லை அண்ணாச்சி. ஒரு தாழ்ப்பாள்தான் இருக்கு, சின்னது" என்றான் பூதத்தான்.

"தாழ்ப்பாளை யாருலே கேட்டா? பூட்டைக் கேட்டாப் பூட்டைச் சொல்லு. இருக்கிற குழப்பத்துல நீ வேற!"

பூதத்தான் வாயை மூடிக்கொண்டான். சொன்ன சொல் தட்டாதவன் என்று முன்பே சொன்னேனே. இதற்குள் எல்லாம் திறந்து கிடந்ததால் அந்தப் பழைய ஆடு மறுபடி வந்து, மைக்கின் பஞ்சுத் தொப்பி மூன்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. கொம்பையா எல்லாவற்றையும் பூட்டச் சொன்னார். பூதத்தான் பதினோரு பூட்டையும் பூட்டி, கார்டின் தாழ்ப்பாளையும் ஒரு தடவை அழுத்திச் சரிபார்த்தான்.

வியாழக்கிழமை வைகுண்டத்துக்கு ஒரு ஞானம் வந்தது.

"அண்ணாச்சி, மெஷினு மேல குத்தமே இல்லை. அது பொய் சொல்லாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது, நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அந்தக் குணம் இருக்கு? நாமதான் தப்புப் பண்ணிட்டோம். அக்கா பாட்டை உள்ளே போட்டோம், அக்கா யாருன்னு சொல்லி வைக்கலை."

"அறிமுகம் செய்யலைங்கிற."

"ஆமா. யாருன்னே தெரியாதவங்களை நம்ம வீட்டுக்குள்ள விட்டா நாம மட்டும் என்ன சொல்லுவோம்?"

கொம்பையா நெடுநேரம் யோசித்து, "மரியாதைக் குறைவாத்தான் நடந்திருக்கோம்" என்று ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து லேப்டாப்பை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தான் இசக்கி. நெற்றி எது என்று தேடி, மேலே நடுவில் புள்ளியாக இருந்த இடத்தில் வைத்தான். அது கேமரா. ஆக, அது பார்ப்பதற்கு இருந்த ஒரே கண்ணும் அடைபட்டது.

பூலம்மாள் பட்டுச்சேலை கட்டி எதிரில் வந்து நின்றாள். கொம்பையா தொண்டையைச் செருமினார்.

"இவுக பூலம்மா. இவுக அப்பா ஆண்டி, உடுக்கு வாசிச்சவரு. இவுக புருசன் சங்கரபாண்டி, குடம் அடிப்பாரு. மூணு பொம்பளப் பிள்ளைக, மூணும் கட்டிக் கொடுத்தாச்சு."

"மூத்தவ வீட்டுக்காரன் மின்சார ஆபீசுல இருக்கான், அதையும் சொல்லு" என்றாள் பூலம்மாள்.

அதையும் சொன்னார். ஆதார் அட்டையைத் திரைக்கு முன் பிடித்தார்கள். ரேஷன் கார்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் எழுதிக் கொடுத்த 'இவரை எனக்கு நன்றாகத் தெரியும்' கடிதத்தை வைகுண்டம் நிறுத்தி நிதானமாக வாசித்தான். பாதியில் திரை தானாக இருண்டுவிட்டது.

"கண்ணை மூடிட்டு" என்றான் இசக்கி, மெதுவாக.

"சத்தம் போடாதே, யோசிக்கு."

கால் மணி நேரம் யாரும் மூச்சுவிடவில்லை. பிறகு வைகுண்டம் ஒரு பொத்தானைத் தொட்டான். திரை வெளிச்சமாகிப் பாட்டைக் காட்டியது. பாடியவர்: அறியப்படாத கலைஞர்.

பூலம்மாளின் மூக்குத்தி நடுங்கியது. "இம்புட்டுச் சொன்ன பிறவும் தெரியாதுன்னா, இது திமிரு. சுத்தத் திமிரு!" முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை. நடுவில் இரண்டே நாள். கொம்பையா அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது, தாழ்ப்பாள் விஷயத்துக்குப் பிறகு வாயே திறக்காத பூதத்தான் திறந்தான்.

"அண்ணாச்சி, கேட்டாக் கோவப்படாதீரும். மெஷினுல இருக்கிற பேரும் அக்கா பேரும் ஒண்ணா இருக்கணும். அதானே?"

"அதான்."

"மெஷினுல இருக்கிற பேரு மாற மாட்டேங்குது."

"ஆமா."

"அப்ப அக்கா பேரை மாத்திருவோம்."

கொம்பையா பூதத்தானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆனால் வைகுண்டம் படித்தவனல்லவா, கவலைப்பட்டான்.

"அக்கா சம்மதிக்கணுமே? அடிச்சிருமே."

"இந்தப் பேருல வேற பாட்டு எதுவும் இருக்கா?" என்றார் கொம்பையா.

வைகுண்டம் தேடிப் பார்த்தான். பார்த்தவன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். "எல்லாமே இந்தப் பேருதான் அண்ணாச்சி! அறுநூத்திப் பன்னெண்டு பாட்டு!"

"ஒரே ஆளா பாடியிருக்கு?"

"ஒரே ஆளு. ஆம்பளக் குரல்ல பாடியிருக்கு, பொம்பளக் குரல்ல பாடியிருக்கு. நாயனம் வாசிச்சிருக்கு. என்னா திறமை!"

நேராகப் பூலம்மாள் வீட்டுக்குப் போனார்கள். விறகுக் கட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், அறுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணைக் கேட்டதும் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"எல்லாம் எம் பேருல ஆயிருமா?"

"பேரு உங்களது ஆயிட்டா, பாட்டும் உங்களதுதானே மைனி."

"கல்யாணத்துக்கு முதல் பாட்டாப் போடுவியே, அந்த நாயனம்?"

"அதுவும்."

"காலையில போடுற சாமி பாட்டு?"

"அதுவும் நீங்கதான்."

பூலம்மாள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆதாரையும் எடுத்துக்கொண்டாள்.

டவுனில் நோட்டரி வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அம்மா, எண்கணிதம் பாத்து ஒரு எழுத்தைக் கூட்டுவாங்க, குறைப்பாங்க. இது என்ன பேரு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு? கடைசியில 'கலைஞர்'னு மரியாதையா முடியுதுல்லா?"

"இனிமே யாராவது உங்க பேரைக் கேட்டா?"

"அறியப்படாதவன்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் எல்லாருக்கும் தெரியும்."

வக்கீல் பேனாவை எடுத்தார். முத்திரைத்தாளில், 'பூலம்மாள் என்ற பெயருடன் எனக்கு இனி யாதொரு சம்பந்தமும் இல்லை' என்று எழுதிச் சீல் குத்திக் கொடுத்தார். பூலம்மாள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போதே, "மைனி, ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்ட கொம்பையாவை முறைத்தாள்.

"முழுப் பேரைச் சொல்லு."

"அறியப்படாத மைனி, ஜன்னலைச் சாத்தட்டுமா?"

"சாத்து."

செவ்வாய்க்கிழமை வந்தது. கொடைப் பந்தலில் ஆள் கொள்ளவில்லை. முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். டி.வி.யில் ஒவ்வொரு பாட்டுக்கும் அடியில் அறியப்படாத கலைஞர் என்று ஓட, ஒவ்வொரு தடவையும் எழுந்து சபையைப் பார்த்துக் கும்பிட்டு உட்கார்ந்தாள். நாயனம் ஒலித்தது. எழுந்து கும்பிட்டாள்.

"இந்த நாயனமும் நீங்களா?" என்று கேட்டார் தர்மகர்த்தா.

"வேற யாரு?"

அடுத்தது கரகரவென்று ஒரு ஆண் குரல், சாமி பாட்டு. "இது?"

"அன்னைக்குத் தொண்டை கட்டியிருந்தது."

பழைய நாடகக் கேசட் ஒன்றிலிருந்து இடிச் சத்தமும் ரயில் கூவுவதும் வந்தன. தர்மகர்த்தா வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கும்பிட்டுவிட்டாள். "சின்ன வயசுல செஞ்சது" என்றாள் அடக்கமாக. சபை கைதட்டியது. கொம்பையா பந்தல்காலில் சாய்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

இங்கேதான் செல்வின் வந்து சேர்ந்தான். கொடை பார்க்க மனைவியோடு வந்தவன், சொன்ன வாக்கு ஞாபகம் வந்து மைக் செட் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். பூதத்தான் மட்டும் இருந்தான். பாட்டு முடிந்த இடைவெளியில் செல்வின் கார்டை உருவி விளிம்பைப் பார்த்தான்.

"இந்தா இருக்குவே பூட்டு!"

"அது தாழ்ப்பாளுல்லா?" என்றான் பூதத்தான்.

செல்வின் நகத்தால் தாழ்ப்பாளை மேலே தள்ளினான். கார்டைச் செருகி, நல்ல மனசோடு, பூலம்மாளின் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் 'பூலம்மாள்' என்று எழுதிச் சேமித்தான். "மிச்சத்தைப் பிறவு எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு நன்னாரி சர்பத் குடித்து, கிடைத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

அவன் அந்தப் பக்கம் போகவும் கொம்பையா இந்தப் பக்கம் வந்தார். "எலே, பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டு வந்து வில்லு ஆரம்பிச்சிரலாம். எல்லாத்தையும் போட்டுட்டு வா."

பூதத்தான் எல்லாத்தையும் போட்டான். தாழ்ப்பாளையும்.

சாப்பாடு முடிந்தது. சாமியாடி மஞ்சள் உடுத்து, கண்ணை மூடித் தயாராக நின்றார். வில் மேடையில் அவள் வந்து உட்கார்ந்தாள். முன்னோட்டமாக அவள் பாட்டையே டி.வி.யில் போட்டார்கள். கும்பிடுவதற்காக எழுந்தவள் பாதிக் கும்பிடில் நின்றாள்.

பாடியவர்: பூலம்மாள்.

"யாருவே அவ?" என்றாள்.

நாலு பேரும் ஓடிவந்து டி.வி.யைப் பார்த்தார்கள். செல்வின் வந்து போனதைப் பற்றிப் பூதத்தானை யாரும் கேட்கவில்லை; கேட்டால்தானே சொல்லுவான்.

"பேரு கேட்ட மாதிரிதான் இருக்கு" என்றான் இசக்கி.

"நம்ம ஊர்ல முன்னால ஒரு பூலம்மா இருந்தாக" என்றான் வைகுண்டம், யோசனையோடு. "சனிக்கிழமை வரைக்கும் இருந்தாக."

"அப்ப அவதான்! நாப்பது வருசம் தொண்டை கிழியப் பாடினது நான், கடைசி நேரத்துல வந்து பேரை நுழைச்சிட்டுப் போயிருக்காளே! வயித்தெரிச்சல் பிடிச்சவ!"

"யக்கா," என்று தயங்கினான் வைகுண்டம், "அந்தப் பூலம்மா... நீங்க..."

"நானா?" இடுப்பிலிருந்து முத்திரைத்தாளை உருவி அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "படிச்சவன்தானே, படி! அவளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லைன்னு சர்க்கார் சீல் போட்டுக் குடுத்திருக்கு!"

வைகுண்டம் படித்தான். சீல் இருந்தது. மன்னிப்புக் கேட்டான்.

அவசரமாக அழிக்கப் பார்த்தான், அழியவில்லை. அவளோ அந்தப் பூலம்மா சபைக்கு வந்து மன்னிப்புக் கேட்டால்தான் வீசுகோலைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டாள். சாமியாடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மறுபடி மூடிக்கொண்டார். தர்மகர்த்தா கொம்பையாவைப் பார்த்தார். மேலூர்க்காரனும் கூட்டத்தில்தான் இருந்தான், சிரித்துக்கொண்டு.

கொம்பையா மைக்கைப் பிடித்தார். "ஒத்தப்பனைக்குளம் பூலம்மாள் எங்கிருந்தாலும் உடனே வில் மேடைக்கு வரவும். மறுபடியும் அழைக்கிறோம், பூலம்மாள் வில் மேடைக்கு வரவும்." மேடையில் அவளும் கையை இடுப்பில் ஊன்றி, வரட்டும் பார்க்கலாம் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

"வீட்டுலயே போய்ப் பிடிச்சிட்டு வாங்கலே!"

இசக்கியும் பூதத்தானும் ஓடினார்கள். ஊரெல்லாம் கொடையில் இருக்க, தெருவில் ஒரு நாய் மட்டும் இருந்தது. பூலம்மாள் வீடு எதுவென்று அவர்களுக்குத் தெரியும், சனிக்கிழமைகூட வந்திருந்தார்களே. கதவில் கைப்பிடி அளவுக்குப் பூட்டுத் தொங்கியது. தட்டினார்கள். கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள்.

"வீடு பூட்டிக் கிடக்கு!" என்று பூதத்தான் மைக்கிலேயே அறிவித்தான். "புருசனையும் கூட்டிக்கிட்டு ஊரைவிட்டே ஓடிட்டா!"

மேடையில் குடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டி ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தார். நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணிய மனுஷன். குடத்தைத் தட்டிச் சுருதி பார்த்துக்கொண்டார்.

"ஓடிட்டாளா? எம் பேரைக் கேட்டே ஓடிட்டாளா!" அவள் முகம் குத்துவிளக்காக மலர்ந்தது. வீசுகோலை எடுத்தாள். ஓங்கி ஒரு அடி அடித்தாள். சலங்கை அதிர்ந்த அதிர்ச்சியில் மேலூர்க்காரன் உட்கார்ந்திருந்த பெஞ்சு முறிந்தது. அம்மன் இறங்கினாள். கொடை நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வில்லுப்பாட்டை அந்த ஊர் கேட்டதில்லை. மூன்று தலைமுறை மைக் செட் நாலாவது தலைமுறைக்குப் போகும் என்று தர்மகர்த்தா அங்கேயே வெற்றிலை கொடுத்தார்.

இன்றைக்கும் அந்தப் பாட்டில் பூலம்மாள் பெயர்தான் ஓடுகிறது. பூதத்தானும் சாயங்காலம் தவறாமல் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறான். ஒத்தப்பனைக்குளம் போனால் அவள் வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: 'பூலம்மாள் உள்ளே வரக்கூடாது.' அதற்குப் பயந்துதானோ என்னவோ, அவள் கொல்லைப்புறம் வழியாகத்தான் வீட்டுக்குள் போய் வருகிறாள்.

கதை இவ்வளவுதான். இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அந்தப் பக்கம் எனக்குக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் உண்டு, பெண்கூட எடுத்திருக்கிறோம். யார் சொன்னது என்று யாராவது நெருக்கிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? யாரோ பெயர் தெரியாத ஆள் என்றுதானே? ஐயோ, அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்! அவள் எழுந்து கும்பிட்டுவிடுவாள்.